வீட்டில் வாசனைத் தைலம் கூட்டும் முறை

வெட்டிவேரும் எலுமிச்சைப்புல்லும் பயிரிடும் அங்கத்தினர், கணக்குப் பார்க்கச் செல்லும் நம்மிடம் அடிக்கடி வினவுவது ஒன்றுண்டு. விளைபொருளை வந்த விலைக்கு வியாபாரியிடம் கொடுத்துவிட்டு, அதே மணத்தைக் கடையில் குப்பியாக வாங்குகிறோமே, நாமே கூட்டிக்கொள்ளலாகாதா என்பதே அது. கூட்டிக்கொள்ளலாம். ஆயின், அளவும் பொறுமையும் இல்லாதார் கையில் இவ்வேலை பணத்தையும் தோலையும் ஒருங்கே கெடுக்கும். ஆகவே, முறையை முதலிலிருந்து கற்போம்.

மணத்தின் மூன்று படிகள்

வாசனை எண்ணெய்கள் யாவும் ஒரே வேகத்தில் ஆவியாவதில்லை. ஆரஞ்சுத் தோல், எலுமிச்சைப்புல் ஆகியவற்றின் எண்ணெய் முதலில் எழுந்து விரைவில் மறையும். ரோஜாவை ஒத்த மணமுடைய பாமரோசாப் புல்லின் எண்ணெய் அதனினும் நெடுநேரம் நிற்கும். வெட்டிவேரும் சந்தனமும் மறுநாளும் தங்கும். நெசவாளருக்குச் சொல்வதானால், அடிமணமே பாவு, ஏனையவை ஊடை. பாவின்றித் துணி இல்லை.

உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜ் நகரில் அத்தர் வடிப்போர், செப்புக் கலத்தில் பூவை நீருடன் காய்ச்சி, அதன் ஆவியைச் சந்தன எண்ணெய் உள்ள கலத்துக்குள் செலுத்துவது மரபு. பறந்துபோகும் பூமணத்தைக் கனத்த சந்தனம் பிடித்து வைக்கிறது.

தலைவலிக்கு நெற்றியில் இடும் ஓடிகொலோன் இதற்கு மறுதலையானது. ஜெர்மனியின் கொலோன் நகரில் 1709-இல் வாணிபம் தொடங்கிய இத்தாலியரான ஃபாரினா குடும்பத்தாரால் அது புகழ்பெற்றது. எலுமிச்சை இனத்துப் பழத்தோல் எண்ணெய்களே அதில் மிகுதி. சாராயத்தில் எண்ணெய் ஏறத்தாழ 2 முதல் 5 சதவீதமே இருக்கும். எனவே, உடனே குளிர்ச்சி தந்து விரைவில் அகலும்.

சாராயம் வேண்டா

ஓடிகொலோன் போலச் செய்ய விரும்பி, வார்னிஷ் வேலைக்கு விற்கும் ஸ்பிரிட்டை வாங்குவோர் உளர். இது பெருந்தவறு. அதில் மெத்தனால் கலந்திருக்கக்கூடும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட நஞ்சு அதுவே. குடித்தால் மட்டுமன்றித் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் அது உடலிற் சேரும். கண் பார்வையைப் பறிக்கும். ஆதலால், வீட்டு முயற்சிக்கு எண்ணெய்க் கலவையே தக்கது.

செய்முறை

ஜோஜோபா எண்ணெய் அல்லது மணம் நீக்கிய தேங்காயெண்ணெய் 10 மில்லி எடுத்துக்கொள்க. அதில் வெட்டிவேர் எண்ணெய் 4 துளி, பாமரோசா 3 துளி, ஆரஞ்சுத் தோல் எண்ணெய் 2 துளி, எலுமிச்சைப்புல் எண்ணெய் 1 துளி சேர்க்க. ஒரு துளி ஏறத்தாழ 0.05 மில்லி ஆதலின், கலவையில் வாசனை எண்ணெய் 5 சதவீதம் அளவில் அமையும். எலுமிச்சைப்புல் எண்ணெயிலுள்ள சிட்ரால் தோலை உறுத்தக்கூடியது. ஒரு துளிக்கு மேல் வேண்டா.

அடிமணத்தை முதலில் இட்டு, இலேசானவற்றைப் பின்னர் சேர்க்க. பழுப்பு நிறக் கண்ணாடிக் குப்பியில் மூடி, வெயில் படாத இடத்தில் இரண்டு வாரம் வைக்க. பின்னர் காகிதத் துண்டில் ஒரு துளி இட்டு, அப்பொழுதே ஒருமுறையும், ஒரு மணி கழித்து ஒருமுறையும், மறுநாட் காலை ஒருமுறையும் முகர்ந்து பார்க்க. முதல் முகர்வைக் கொண்டே நன்று, தீது என்று முடிவு செய்யலாகாது.

ஒவ்வொரு கூட்டையும் தேதியுடன் ஏட்டில் எழுதுக. சாயத்தொட்டியின் அளவை எழுதி வைக்காத நெசவாளர் அதே நிறத்தை மறுமுறை பெறுவதில்லை அன்றோ? வெட்டிவேர் எண்ணெய் கெட்டியானது; அதன் துளி பெரிதாக விழும். ஆகவே, அதிகமாகச் செய்யும்போது துளி எண்ணாது தராசில் நிறுத்தல் வேண்டும்.

கவனிக்கற்பாலவை

முன்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒரு நாள் பொறுத்துப் பார்த்த பின்னரே உபயோகிக்க. கூட்டாத எண்ணெயை நேரே தோலில் இடுதல் கூடாது. குழந்தைகளுக்கும் அடுப்புக்கும் எட்டாத இடத்தில் வைக்க. பட்டுச் சேலையில் எண்ணெய் பட்டால் கறை நிற்கும். பெட்டியில் வெட்டிவேர் முடிச்சை இடுதலே நன்று.

விற்பனையும் நாணயமும்

வீட்டுக்குச் செய்வது வேறு, விற்பது வேறு. 1940-ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுப் பொருள்கள் சட்டப்படி, விற்பனைக்கு உற்பத்தி செய்ய உரிமம் இன்றியமையாதது.

பெயர்ச் சீட்டில் உண்மையே இருத்தல் வேண்டும். 1,000 கிலோ மல்லிகையிலிருந்து கரைப்பான் முறையில் கிடைக்கும் மெழுகு போன்ற சாரம் சுமார் 3 கிலோவே. அவ்வாறிருக்க, சில ரூபாய்க்குக் கிடைக்கும் "மல்லிகை எசென்ஸ்" பூவிலிருந்து வந்ததாக இராது. அதனைக் கலந்துவிட்டு இயற்கை மணம் என்று எழுதும் சங்கம், தன் அங்கத்தினர் வயலில் விளைந்த மெய்யான பூவின் விலையையே குறைக்கின்றது. போலிக்கும் மெய்க்கும் ஒரே பெயரானால், வாங்குவோர் மலிவானதையே நாடுவர். கலப்பற்ற வெட்டிவேரை வெட்டிவேர் என்று எழுதி, பெற்ற நாணயத்தைக் காத்து நிற்பதே சங்கத்தின் மூலதனம்.

படிப்பு வட்டத்துக்கு வினாக்கள்

1. அடிமணம் இல்லாத கலவை ஏன் விரைவில் மறைகின்றது?
2. 100 மில்லி கலவைக்கு ஒவ்வோர் எண்ணெயும் எவ்வளவு வேண்டும்?
3. நம் ஊரில் விளையும் மணப்பொருள்களுள் அடிமணத்துக்கு ஏற்றது எது?