நயாகராவில் விழுந்து பிழைத்த சிறுவன்

(பத்தாம் வகுப்பு மாணவி)

அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கும் கனடாவுக்கும் எல்லையாக ஓடுவது நயாகரா ஆறு. ஈரி ஏரியில் புறப்பட்டு ஒண்டாரியோ ஏரியில் கலக்கும் இந்த ஆறு, வழியில் மூன்று அருவிகளாக விழுகிறது. அவற்றுள் பெரியது குதிரை லாடம் போல் வளைந்திருப்பதால் ‘லாட அருவி’ எனப் பெயர் பெற்றது. இதன் உயரம் ஏறத்தாழ 50 மீட்டர்.

1901-ஆம் ஆண்டு அக்டோபர் 24 அன்று ஆனி எட்சன் டெய்லர் என்ற ஆசிரியை, புகழும் பொருளும் நாடி, மெத்தை வைத்த பீப்பாய்க்குள் அமர்ந்து இவ்வருவியில் இறங்கி உயிர் பிழைத்தார். அவர் தாமாகவே துணிந்தவர். ஆனால் நான் சொல்லப் போவது, விபத்தால் விழுந்த ஏழு வயதுச் சிறுவனின் வரலாறு.

1960-ஆம் ஆண்டு ஜூலை 9. ரோஜர் உட்வர்டு என்ற அச்சிறுவனும், அவனுடைய 17 வயது அக்காள் டீனும், குடும்ப நண்பரான ஜிம் ஹனிகட்டுடன் அருவிக்கு மேலே சிறு மோட்டார் படகில் சென்றனர். ரோஜர் உயிர்காப்புச் சட்டை அணிந்திருந்தான். திடீரென மோட்டார் பழுதாயிற்று. படகு அருவியை நோக்கி இழுபட்டது. ஹனிகட் டீனையும் உயிர்காப்புச் சட்டை அணியச் சொன்னார். அவர் உடலில் அத்தகைய சட்டை இல்லை. படகு கவிழ்ந்தது, மூவரும் வெள்ளத்தில் விழுந்தனர்.

டீன் கரையோரமாக அடித்துச் செல்லப்பட்டாள். அங்கே வேடிக்கை பார்க்க வந்திருந்தவர்களுள் ஜான் ஹேய்ஸ் என்ற லாரி ஓட்டுநர் ஒருவர். அவர் தடுப்புக் கம்பியைத் தாண்டிக் கையை நீட்டினார். டீனுக்கு எட்டியது அவருடைய கட்டைவிரல் மட்டுமே! அதையே இறுகப் பற்றினாள். மற்றொரு பயணியும் ஓடி வந்து உதவ, அருவியின் விளிம்புக்குச் சில அடி தூரத்தில் அவள் கரையேற்றப்பட்டாள். உடனே அவள் கேட்டது தன் தம்பியைப் பற்றித்தான். அவனுக்காக ஜெபிக்கும்படி ஹேய்ஸ் சொன்னார்.

தம்பியோ அதற்குள் அருவியில் விழுந்துவிட்டான். கீழே ‘மெய்டு ஆஃப் தி மிஸ்ட்’ என்ற சுற்றுலாப் படகு இருந்தது. நுரைக்கிடையே உயிர்காப்புச் சட்டை தெரிந்ததும் மாலுமிகள் மிதவை வளையத்தை வீசினர். முதல் வீச்சு எட்டவில்லை. மீண்டும் வீசியபோது சிறுவன் பற்றிக்கொண்டான். சிறு காயங்களுடன் சில நாட்கள் மருத்துவமனையில் இருந்து வீடு திரும்பினான். ஹனிகட்டின் உடல்தான் பின்னர் கிடைத்தது.

இவன் எவ்வாறு பிழைத்தான்? காற்றின் தடையைக் கணக்கிடாவிட்டால், 50 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் கீழே வரும்போது வினாடிக்கு 31 மீட்டர், அதாவது மணிக்கு 110 கிலோமீட்டருக்கு மேலான வேகம் பெறும். பக்கத்திலுள்ள அமெரிக்க அருவியின் அடியில் பெரும் பாறைகள் குவிந்து கிடக்கின்றன. லாட அருவியின் அடியிலோ ஆழமான மடு உண்டு. ரோஜர் பாறையில் மோதாமல் நீரில் விழுந்தான். ஆயினும் காற்றுக் குமிழிகள் நிறைந்த நுரைநீரின் அடர்த்தி குறைவு. ஆர்க்கிமிடீஸ் தத்துவப்படி அதன் மிதப்பு விசையும் குறைவு. அதில் நன்கு நீந்துபவரும் அமிழ்ந்து போகலாம். எடை குறைந்த சிறுவனை மேலே கொண்டுவந்தது அந்தச் சட்டையே.

பீப்பாய் போன்ற கவசம் ஏதுமின்றி, உயிர்காப்புச் சட்டையுடன் மட்டும் லாட அருவியில் விழுந்து பிழைத்த முதல் மனிதன் ரோஜர். மக்கள் இதை ‘நயாகரா அற்புதம்’ என்றனர். உண்மைதான். ஆனால் அந்த அற்புதத்தில் மனிதர் கைகளுக்கும் பங்கு இருந்தது. தமக்குச் சட்டை இல்லாத வேளையிலும் டீனை நினைத்த ஹனிகட், கை நீட்டிய ஹேய்ஸ், முதல் வீச்சு தவறியும் மீண்டும் வீசிய மாலுமிகள் ஆகியோரை நாம் மறக்கலாகாது.

தோழியரே! படகில் ஏறும்போது, நீர் அமைதியாகத் தோன்றினாலும், உயிர்காப்புச் சட்டையை அணிந்துகொள்வோம். ஆபத்தில் இருப்பவருக்கு நாம் நீட்டும் உதவி ஒரு விரல் அளவே ஆயினும், தயங்காமல் நீட்டுவோம்.