பெரியவர் அட்டவணையில் பிள்ளையை நிறுக்கலாமா?

தராசோடு பிழைக்கும் நாம், சொந்தப் பிள்ளையின் எடையில் ஏமாந்த கதையைச் சகோதர வியாபாரிகளுக்குச் சொல்லியாக வேண்டும்.

உடல் நிறை குறியீட்டெண் என்று ஒரு கணக்கு உண்டு. கிளினிக்கில் பி.எம்.ஐ. என்பார்கள். உயரத்தை மீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, வந்த தொகையால் கிலோ எடையை வகுக்க வேண்டும். அவ்வளவே. நம் இளைய மகளுக்கு வயது 6; உயரம் 115 செ.மீ.; எடை 20 கிலோ. கணக்குப் போட்டால் 15.1 வந்தது. 18.5-க்குக் கீழே மெலிவு என்று சுவர் அட்டவணையில் கண்டிருந்தபடியால் பதறிப்போனோம். இரண்டு மாதம் வேளைக்கு வேளை டின் பால் ஊற்றிய மைலோதான்!

பிறகு கிளினிக் மிஸ்ஸி சிரித்துக்கொண்டே, “அண்ணே, அது உங்களுக்கு உள்ள கணக்கு, பிள்ளைக்கு இல்லை” என்றார். உலக சுகாதார நிறுவனம் 2007-இல் 5 முதல் 19 வயது வரை ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி அட்டவணை வெளியிட்டிருக்கிறது. அதில் 6 வயதுப் பெண்பிள்ளைக்கு நடு அளவே 15.3. முதல் வயதுக்குப் பின் இந்த எண் இறங்கி, ஐந்தாறு வயதில் அடிமட்டம் கண்டு, மறுபடி ஏறுகிறது. ஆகவே வயதைச் சேர்க்காமல் எண்ணை மட்டும் பார்ப்பது, சரக்கின் பெயர் தெரியாமல் விலை சொல்வதாகும்.

இதன் மறுபக்கம் இன்னும் மோசம். 10 வயதுப் பையன், 140 செ.மீ., 40 கிலோ என்று வைத்துக்கொள்வோம். எண் 20.4. ஆசியர்களான நமக்கு 23-க்குக் கீழே நலம் என்பதால் வாப்பா மகிழ்ந்துபோவார். ஆனால் அந்த வயதுப் பையனுக்கு 18.5-ஐத் தாண்டினாலே மிகை எடை, 21.4-ஐத் தாண்டினால் உடல் பருமன். கல்லாவில் உட்கார்ந்து பலகாரம் தின்னும் பையன்களை நாம் அறிவோம்.

அளப்பதிலும் நிதானம் வேண்டும். செருப்பைக் கழற்றி, குதிகால் சுவரில் படும்படி நிறுத்துங்கள். உயரம் இரு தடவை பெருக்கப்படுவதால் சிறு பிசகும் பெரிதாகும். அந்தப் பையனை 138 என்று அளந்தால் 20.4 என்பது 21 ஆகிவிடும். மேலும் இந்த எண் கொழுப்பையும் தசையையும் பிரித்துக் காட்டாது. ஒரு தடவை பார்த்து முடிவு கட்டாமல், ஆறு மாதத்துக்கொரு முறை குறித்து வைத்து, கோடு எப்பக்கம் போகிறதென்று டாக்டரிடம் காட்டுவதே முறை. வாடிக்கையாளர் முன் பிள்ளையைக் குண்டன் என்று அழைப்பது எந்தக் கணக்கிலும் சேராது.

இப்போது நம் கடையின் பின்கதவில் பென்சில் கோடுகள் ஏறி வருகின்றன. டின் பால் நின்றதில் மகளுக்கு மட்டும் இன்னும் கோபம்.