திருநாளும் துயரமும்



மார்கழிப் பனி இறங்கிவிட்டது. பாலன் சேசுவுக்குக் குடில் கட்டும் இந்நாட்களில் சிலருடைய இருதயத்தில் மாத்திரம் ஒரு பாரம். "ஊரெல்லாம் சந்தோஷம், எனக்கு மட்டும் ஏன் இல்லை? என் விசுவாசம் குறைந்துபோயிற்றோ?" என்று தங்களையே குற்றஞ்சாட்டிக்கொள்கிறார்கள்.

அப்படியல்ல. நம் ஜில்லாவுக்கு மார்கழி காயம்பட்ட மாதம். 2004 டிசம்பர் 26-ல், திருநாளுக்கு மறுநாள், ஆழிப்பேரலை கடலூர்க் கரையோரத்தில் எத்தனையோ உயிர்களைக் கொண்டுபோயிற்று. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் பண்ருட்டி வட்டாரத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. வருஷக்கணக்காய் வளர்த்த தோப்பு ஒரே காலையில் போயிற்று. போன திருநாளில் உடனிருந்தவர் இந்தத் திருநாளில் இல்லாத வீடுகளும் உண்டு. அந்த நாள் திரும்ப வரும்போது மனம் நோவது பாவமல்ல.

எலியாஸ் தீர்க்கதரிசியும் ஒரு செடியின் கீழே படுத்து, "ஆண்டவரே, போதும்" என்று சாவைக் கேட்டார். சர்வேசுரன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தூங்க விட்டார், சம்மனசை அனுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். இப்படி இரண்டு தடவை நடந்தது. அதற்குப் பிறகுதான் நெடும்பயணம். ஆகையால் சோர்ந்தவன் முதலில் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கட்டும்.

அடுத்தது ஆத்தும சோதனை. அர்ச். இஞ்ஞாசியார் இதை ஐந்து படியாகக் கற்பித்தார்: நன்றி கூறுதல், ஒளி கேட்டல், அன்றைய நாளைச் சோதித்தல், மன்னிப்புக் கேட்டல், திருந்தப் பிரதிக்கினை செய்தல். நன்றி முதலில் நிற்பதைக் கவனியுங்கள். குற்றத்தை மாத்திரம் எண்ணுகிறவன் தன்னைப் பாதிதான் பார்க்கிறான். இன்னொன்றும் சொன்னார்: மனம் இருண்டிருக்கும்போது, முன்பு செய்த நல்ல தீர்மானத்தை மாற்றாதே. தோப்பை விற்பதும், உறவை முறிப்பதும் மனம் தெளிந்தபின் யோசிக்க வேண்டியவை.

துயரம் வாரக்கணக்கில் நீடித்தால், தூக்கமும் பசியும் கெட்டால், வைத்தியரிடம் போவது விசுவாசக் குறைவல்ல, காய்ச்சலுக்குப் போகிறோமே! உயிரை வெறுக்கும் நினைவு வந்தால் ஒரு நிமிஷமும் தாமதியாதேயுங்கள். 14416 என்னும் அரசாங்கத் தொலைபேசியில் இரவும் பகலும், கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். பங்கு வீட்டுக் கதவும் திறந்தேயிருக்கும்.

சந்தோஷமாயிருப்பவர்களே, உங்களுக்கும் ஒரு வேலை. இந்த வாரம் துக்க வீடொன்றுக்குப் பலகாரத்தோடு போங்கள். "அழாதே" என்று சொல்லாமல் சற்றுநேரம் கூட உட்காருங்கள். எலியாசுக்குச் சம்மனசும் முதலில் அப்பந்தான் கொண்டுவந்தார்.

உங்கள் பங்குக் குரு