எண்ணிக்கை சரி, கொக்கி எங்கே?

காயம் பட்டால் பிளேட்லெட் எனும் தட்டணுக்கள் கூடி அடைக்கின்றன என்பது நாம் அறிந்ததே. அவற்றை ஒன்றோடொன்று இணைப்பது எது?

இரத்தத்தில் கரைந்துள்ள ஃபைப்ரினோஜன் என்ற நீளமான புரதம். இரு முனையிலும் பிடிப்பு உண்டு. ரயில்வேக்காரன் கண்ணுக்கு இது இரு வேகன்களுக்கு நடுவே மாட்டும் கப்ளிங்தான். இதைப் பற்றும் கொக்கிகள் ஒவ்வொரு தட்டணுவிலும் ஏறத்தாழ 80,000. சாதாரண வேளையில் அவை மூடியிருக்கும். இல்லையேல் ஓடும் இரத்தமே கட்டிப்போகும். காயம் பட்டதும் திறக்கும். வெள்ளை அணுக்களுக்கும் இப்புரதத்தைப் பற்ற வேறொரு கொக்கி உண்டு. காயம்பட்ட இடத்தில் தங்கிக் கிருமிகளோடு போராட அது உதவுகிறது.

சிலருக்குத் தட்டணுக் கொக்கி பிறவியிலேயே இருப்பதில்லை, அல்லது வேலை செய்வதில்லை. 1918இல் இதை விவரித்த சுவிட்சர்லாந்துக் குழந்தை மருத்துவர் கிளான்ஸ்மன் பெயரே நோய்க்கும். மூக்கிலும் ஈறிலும் இரத்தம் எளிதில் நிற்காது. பெண்களுக்கு மாதவிலக்கில் பெரும்போக்கு. சோதித்தால் தட்டணு எண்ணிக்கை 2 லட்சம், 3 லட்சம் என்று சரியாகவே இருக்கும்! கப்ளிங்கைப் பாராமல் வேகனை மட்டும் எண்ணினால் போதுமா? தட்டணுக்கள் ஒட்டிச் சேர்கின்றனவா என்று பார்க்கத் தனிச் சோதனை உண்டு, டாக்டரிடம் கேளுங்கள்.

நமக்கு இது அயல் நோயல்ல. தென்னிந்தியாவில் 42 நோயாளிகளைப் பற்றி வேலூர் மருத்துவர்கள் 1981இல் எழுதினார்கள். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் நோய். அக்காள் மகள், மாமன் மகள் என்று சொந்தத்தில் கட்டும்போது அதற்கு வாய்ப்பு கூடுகிறது. இந்நோயுள்ள குழந்தைக்குத் தலைவலி, காய்ச்சல் என்று ஆஸ்பிரினோ இபுபுரூஃபனோ கொடுத்துவிடாதீர்கள். பல் பிடுங்கப் போனாலும் முதலில் நோயின் பெயரைச் சொல்லுங்கள்.