ஜாய்ஸ்டிக் கெட்டுவிட்டதா?

மகன் மடிக்கணினியில் விமானம் ஓட்டிப் பழகுகிறான். நிஜ விமானம் அல்ல. திரையில் பறக்கும் விமானம். அதை ஓட்டும் கைப்பிடிக்கு ஜாய்ஸ்டிக் என்று பெயர். ஒரு நாள் கைப்பிடியை அசைத்தான். விமானம் திரும்பவில்லை.

“கெட்டுப் போச்சும்மா. புதுசு வாங்கணும்.”

“போன மாசம்தானே சீட்டுப் பணத்தில் வாங்கினோம்? முதலில் சோதித்துப் பாருடா.”

ஜாய்ஸ்டிக் வயர் ஒரு சிறு இணைப்புப் பெட்டியில் செருகியிருந்தது. மவுஸும் பென்டிரைவும் அதே பெட்டியில்தான். ஒரே குழாயில் நாலு வீட்டுக்குத் தண்ணீர் விட்டால் கடைசி வீட்டுக்கு எட்டுமா? மின்சாரமும் அப்படித்தான். வயரை நேராக மடிக்கணினியில் செருகினான். அப்போதும் விமானம் அசையவில்லை.

அடுத்து விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தினான். சிறு கட்டம் வந்தது. அதில் ஜே, ஓ, ஒய், புள்ளி, சி, பி, எல் என்று இடைவெளி இல்லாமல் அடித்து, என்டர் தட்டினான். பட்டியலில் ஜாய்ஸ்டிக் பெயர் இருந்தது. பெயரே இல்லை என்றால் வயரை வேறு துளையில் செருகிப் பார்க்க வேண்டும். பெயரைத் தொட்டு ‘ப்ராப்பர்ட்டீஸ்’ என்பதை அழுத்தினான். கைப்பிடியை அசைத்தான். கட்டத்துக்குள் கூட்டல் குறியும் அசைந்தது!

அப்படியானால் கைப்பிடி நன்றாக இருக்கிறது. குறை விளையாட்டின் அமைப்பில். அங்கே ‘கன்ட்ரோல்ஸ்’ பகுதியில் கைப்பிடிக்கு எந்த வேலையும் ஒதுக்கவில்லை. இடம் வலம் சாய, மேலே கீழே போக என்று ஒவ்வொன்றாக ஒதுக்கினான். சேமித்தான்.

விமானம் திரும்பியது. அம்மாவும் ஒரு முறை ஓட்டிப் பார்த்தாள்.