சிறு காயமும் பெரு நஷ்டமும்

(படிப்பு வட்டத்திற்கான பாடம்)

நம் சங்க அங்கத்தினர்களுள் கையில் ஒரு தழும்பேனும் இல்லாதவரைக் காண்பது அரிது. நெசவாளரின் விரல்களில் நூல் அறுத்த கோடுகள் இருக்கும். விவசாயியின் இடது கை விரலில் கதிர் அரிவாள் இட்ட வடு இருக்கும். இவற்றையெல்லாம் பெரிதாக எண்ணி வேலையை நிறுத்துவதென்றால் வீட்டில் அடுப்பு எரியாது. ஆகவே அடிபட்டால் கைக்குக் கிடைத்ததை எடுத்து அப்பிவிட்டு, மீண்டும் தறியிலோ வயலிலோ இறங்குவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. சிறு காயத்துக்குத் தாமே வைத்தியம் செய்துகொள்வது தவறன்று. ஆனால் அதற்கு ஒரு முறை உண்டு. ஓர் எல்லையும் உண்டு. அவ்விரண்டையும் இப்பாடத்தில் ஆராய்வோம்.

இரு நிகழ்ச்சிகள்

நாம் நேரில் கண்ட இரு நிகழ்ச்சிகளை முதலில் கூறுவோம். ஊரும் பேரும் வேண்டாம்.

நெசவாளர் ஒருவர் தார் மாற்றும்போது தார்க்குச்சியின் சிம்பு கட்டைவிரல் நகக்கண்ணில் ஏறியது. பல்லால் கடித்துப் பிடுங்கினார். பாதி வெளியே வந்தது. பாதி உள்ளேயே தங்கியது. கலியாணச் சேலை ஒன்றை முடித்துக் கொடுக்க வேண்டிய தவணை நெருங்கியிருந்தது. சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்து அப்பி, கந்தைத் துணியைச் சுற்றிக்கொண்டு நெய்தார். நான்காம் நாள் விரல் வீங்கியது. ஆறாம் நாள் மணிக்கட்டுவரை சிவந்தது, காய்ச்சலும் கண்டது. ஆஸ்பத்திரியில் விரலைக் கீறிச் சீழை எடுத்தார்கள். விரல் பிழைத்தது, ஆனால் அதன் நுனி மடங்குவதில்லை. இரண்டு மாதம் தறி நின்றது. அறுந்த பாவு இழையைப் பிணைக்க அவருக்கு அந்த விரல் இன்றும் உதவுவதில்லை.

மற்றொரு வீட்டில், பாவுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்த அம்மையார் ஒருவரின் முன்கையில் கொதிகஞ்சி கொட்டிவிட்டது. கஞ்சி நீரைப்போல் ஓடிவிடாது. தோலில் ஒட்டிக்கொண்டே சுடும். அண்டை வீட்டார் பற்பசையை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். முதலுதவி வகுப்புக்குச் சென்றுவந்த மகள் அதைத் தடுத்தாள். தாயின் வளையல்களைக் கழற்றி, கையைக் குழாயின் கீழே நீட்டச் செய்து, கடிகாரத்தைப் பார்த்தபடி 20 நிமிஷம் நீரை ஓடவிட்டாள். பின்னர் சலவை செய்த வெள்ளைத் துணியால் தளர்வாக மூடி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்றாள். பத்து நாளில் அதே கை பாவு ஓட்டியது.

இரண்டில் முதலாவதே சிறிய காயம். பெரு நஷ்டம் விளைந்ததும் அதனாலேயே. காயத்தின் அளவு மட்டும் நஷ்டத்தை நிர்ணயிப்பதில்லை. அடிபட்டவுடன் நாம் செய்யும் காரியமும் நிர்ணயிக்கிறது.

கழுவுவதே முதல் வைத்தியம்

1865-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்திலுள்ள கிளாஸ்கோ நகரில், வண்டிச் சக்கரம் ஏறிக் கால் முறிந்த 11 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு ஜோசப் லிஸ்டர் என்னும் மருத்துவர் கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியால் கட்டுப்போட்டார். எலும்பு முறிந்து தோலும் கிழிந்த காயங்களில் சீழ் பிடிப்பதும், உயிரைக் காக்கக் காலையே வெட்டி எடுப்பதும் அக்காலத்தில் சாதாரணம். அச்சிறுவனின் காலோ சீழ் பிடிக்காமல் ஆறியது. புண்ணில் சீழ் வைப்பது இயற்கை என்று எண்ணியிருந்த உலகம், அது வெளியிலிருந்து புகும் கிருமியின் வேலை என்பதை இத்தகைய அனுபவங்களால் உணர்ந்தது.

கார்பாலிக் அமிலம் சதையையும் அரிக்கும். அதை இன்று காயத்தில் இடுவதில்லை. நம் சிறு காயங்களுக்குக் குடிக்கத் தகுந்த சுத்தமான நீரும், சுற்றிலுமுள்ள தோலைத் துலக்கச் சோப்பும் போதும். முதலில் நம் கையைச் சோப்பிட்டுக் கழுவவேண்டும். பிறகு காயத்தின்மேல் ஐந்து நிமிஷமேனும் நீரை ஓடவிட வேண்டும். மண்ணோ பஞ்சோ சாயத்தூளோ உள்ளே இருந்தால் அது நீரோடு வெளியேறும். அதன்பின் சுத்தமான துணியை வைத்துக் கட்டவேண்டும். கட்டு நனைந்தாலும் அழுக்கானாலும் மாற்றவேண்டும்.

சாம்பல், காப்பிப்பொடி, சுண்ணாம்பு, புகையிலை, சிலந்தி வலை, மண்ணெண்ணெய், சாணம் ஆகியவற்றுள் ஒன்றையும் காயத்தில் வைத்தல் கூடாது. மஞ்சளுக்கு நற்குணம் உண்டென்று பெரியோர் கூறுவர். இருக்கலாம். ஆனால் பலர் கைபட்ட அஞ்சறைப் பெட்டித் தூள் கிருமியற்ற மருந்தாகிவிடாது. மேலும், அப்பிய பொருள் காயத்தை மறைத்துவிடுகிறது. அதைச் சுரண்டி எடுத்த பின்னரே வைத்தியரால் காயத்தின் ஆழத்தைப் பார்க்க முடிகிறது. அச்சுரண்டலின் வேதனையை அனுபவித்தவர் மறக்கமாட்டார்.

சிம்பும் முள்ளும் தோலின் மேலே தெரிந்தால், கொதிநீரில் இட்டெடுத்த முள்வாங்கியால் அவை புகுந்த திசையிலேயே இழுத்து எடுக்கலாம். நகத்தின் கீழோ மூட்டின் அருகிலோ ஒடிந்து தங்கினால் ஊசியால் தோண்டுதல் கூடாது, மருத்துவரிடம் காட்டவேண்டும்.

இரத்தத்தை நிறுத்தும் முறை

வெட்டுக் காயத்தில் இரத்தம் பெருகினால் சுத்தமான துணியைக் காயத்தின் மேலேயே வைத்து, உள்ளங்கையால் அழுத்திப் பிடிக்கவேண்டும். கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தவேண்டும். முழுமையாகப் பத்து நிமிஷம் அழுத்தவேண்டும். நின்றுவிட்டதா என்று நிமிஷத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்தால், உறைந்துவரும் இரத்தம் கலைந்து மறுபடியும் ஒழுகும். துணி நனைந்தால் அதன்மேல் மற்றொரு துணியை வைத்து அழுத்தவேண்டும்.

நெசவாளர்களாகிய நமக்கு நூல் எப்போதும் கையில் இருப்பதால், விரலின் அடியில் நூலைச் சுற்றி இறுகக் கட்டும் பழக்கம் உண்டு. இது அபாயமானது. இரத்த ஓட்டம் நின்ற விரல், வெட்டு ஆறினாலும் அழுகக்கூடும். மோதிரத்தையும் வீக்கம் காணுமுன்பே கழற்றிவிட வேண்டும்.

தீவனம் வெட்டும் இயந்திரத்திலோ விசைத்தறியிலோ விரல் துண்டானால் அத்துண்டைக் கைவிட்டுவிடலாகாது. ஈரமாக்கிப் பிழிந்த சுத்தமான துணியில் அதைச் சுற்றி, பாலிதீன் பையிலிட்டு வாய் கட்டி, அப்பையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வைத்து நோயாளியுடன் கொண்டுசெல்ல வேண்டும். பனிக்கட்டி விரலை நேராகத் தொடக்கூடாது.

சூடும் சாயமும்

தீயோ கொதிநீரோ கஞ்சியோ பட்டால், மேலே கூறிய மகள் செய்ததே முறை. ஓடும் குளிர்ந்த நீர் 20 நிமிஷம் வேண்டும். பனிக்கட்டி, எண்ணெய், பற்பசை, மாவு எதுவும் கூடாது. கொப்புளத்தை உடைக்கக்கூடாது, அக்கொப்புளத் தோலே இயற்கை இட்ட கட்டு. சூடு உள்ளங்கை அளவுக்கு மேற்பட்டாலும், முகத்திலோ மூட்டிலோ பட்டாலும், அடிபட்டவர் குழந்தையானாலும், நீரூற்றிய பிறகு ஆஸ்பத்திரிக்குச் செல்வதே தக்கது.

சாயப்பட்டறையில் காஸ்டிக் சோடா மற்றோர் அபாயம். அது பட்ட இடம் முதலில் வழுவழுப்பாக இருக்கும். வலி பிந்தி வரும். அதற்குள் தோல் வெந்திருக்கும். ஆகவே வலிக்குக் காத்திராமல், நனைந்த துணியைக் களைந்து, 20 நிமிஷத்துக்குக் குறையாமல் நீரை ஊற்றவேண்டும். எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஊற்றி முறிக்க முயலலாகாது. அதனால் புதிய வெப்பம் பிறக்கும், காலமும் வீணாகும். சோடாவைக் கரைக்கும்போது தண்ணீரிலே சோடாவைச் சிறிது சிறிதாக இடவேண்டும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். வெளுப்புத் தூளும் அமிலமும் ஒன்றோடொன்று கலந்துவிடாதபடி தனித்தனியே வைக்கவேண்டும். கலந்தால் குளோரின் என்னும் நச்சுவாயு எழும்.

கண்

ஜான் கே என்னும் ஆங்கிலேயர் 1733-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற விசைநாடா நமக்கு வேகத்தைத் தந்தது. அத்துடன் நாடா தறியைவிட்டுப் பறக்கும் அபாயத்தையும் தந்தது. அறுந்த பாவு இழை மற்ற இழைகளோடு பின்னி வழியை மறித்தால் நாடா திசைமாறிப் பாயும். எதிரே தார் சுற்றும் சிறுமியின் கண் அதன் பாதையில் இருக்கலாம். அறுந்த இழையை உடனே பிணைப்பது துணியின் தரத்துக்கு மட்டும் உரிய ஒழுங்கு என்று எண்ணலாகாது. கண்ணுக்கும் அதுவே காவல்.

கண்ணில் சோடா தெறித்தால் இமைகளை விரித்துப் பிடித்து, அரைமணி நேரம் நீரை ஓடவிட்டு, உடனே கண் ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். நெல் அடிக்கும்போதும் கரும்பு வெட்டும்போதும் உமியோ தோகையோ கண்ணில் கீறினால் கசக்கக்கூடாது. தாய்ப்பாலோ இலைச்சாறோ விடக்கூடாது. இத்தகைய கீறலின் வழியே பூஞ்சணம் புகுந்து கருவிழியில் புண் உண்டாவது தென்னிந்திய விவசாயிகளிடையே பார்வை கெடுவதற்கு ஒரு முக்கிய காரணம். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சில சொட்டு மருந்துகளில் ஸ்டீராய்டு இருக்கும். அது கண்சிவப்பைத் தணித்துப் புண்ணை வளர்க்கும். கண்ணைப் பொறுத்தவரை நீரால் கழுவுவதோடு நம் வைத்தியம் முடிந்தது.

ரண ஜன்னி

துருப்பிடித்த ஆணி குத்தினால் ரண ஜன்னி வரும் என்பர். துரு அதற்குக் காரணமன்று. அந்நோயின் கிருமி மண்ணிலும் சாணத்திலும் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும். காற்றுப் புகாத ஆழமான குத்துக் காயத்தில் விழித்துக்கொள்ளும். பெரும்பாலும் 3 முதல் 21 நாட்களுக்குள் தாடை இறுகி, உடல் வில்லாக வளையும். இரத்தம் சிந்தாத சிறு குத்தாலும் இது வரலாம். ஒருமுறை வந்து பிழைத்தவருக்கும் மறுபடியும் வரலாம். தடுப்பூசி ஒன்றே காவல். தடுப்பூசிகளை முறைப்படி முடித்தவராயினும், அழுக்கான அல்லது ஆழமான காயமானால் கடைசி ஊசிக்கு 5 ஆண்டு கடந்திருந்தாலும், சுத்தமான சிறு காயமானால் 10 ஆண்டு கடந்திருந்தாலும் மீண்டும் போட்டுக்கொள்ள வேண்டும். கடைசியாக எப்போது போட்டோம் என்பது நினைவில்லாதவர் மருத்துவரைக் கேட்கவேண்டும்.

நம் கைக்கு அடங்காதவை

பத்து நிமிஷம் அழுத்தியும் நில்லாத இரத்தம். வாய் பிளந்து நிற்கும் வெட்டு. மரத்துப்போன அல்லது மடங்காத விரல். மறுநாளுக்குப் பின்னும் வளரும் சிவப்பு, வீக்கம், சீழ், காய்ச்சல். பாம்புக் கடி, நாய்க் கடி. இவற்றில் ஒன்று கண்டாலும் தாமதம் கூடாது. 108-ஐ அழைக்கலாம். நீரிழிவு உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கும். வெறுங்காலால் குழித்தறியின் மிதியை மிதிக்கும் அவர்கள், விளக்கு வைக்கும் நேரத்தில் தினமும் உள்ளங்காலைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சிறு புண்ணையும் மருத்துவரிடம் காட்டவேண்டும். கையில் ஆறாத காயம் உள்ளவர் பூச்சிமருந்து தெளிக்கும் வேலையை அன்று பிறரிடம் விடவேண்டும்.

சங்கம் செய்யவேண்டியது

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 150 தொழிலாளருக்கு ஒன்றுக்குக் குறையாமல் முதலுதவிப் பெட்டி வைக்க ஆலைகளைக் கட்டாயப்படுத்தியது. மின்விசை உள்ள இடத்தில் 10 பேரும், இல்லாத இடத்தில் 20 பேரும் வேலை செய்தால்தான் அச்சட்டம் அதைத் தொழிற்சாலையாகக் கொண்டது. வீட்டில் இரு தறி வைத்திருப்பவருக்கும், சொந்த நிலத்தில் உழைப்பவருக்கும் பெட்டி தர எந்த முதலாளியும் இல்லை. அவர்களுக்கு உள்ளது சங்கம் ஒன்றே.

தெருவுக்கு ஒரு பெட்டி போதும். சோப்பு, கிருமி நீக்கிய வலைத்துணி, கட்டுத்துணிச் சுருள்கள், ஒட்டுப் பட்டை, கத்தரிக்கோல், முள்வாங்கி, கையுறை, அருகிலுள்ள ஆஸ்பத்திரியின் தொலைபேசி எண் ஆகியன அதில் இருக்கவேண்டும். பெட்டிக்குப் பூட்டு வேண்டாம். பொறுப்பாளர் இருவர் வேண்டும்.

பெட்டியுடன் ஒரு நோட்டுப் புத்தகமும் வைக்கவேண்டும். யாருக்கு, என்ன வேலையில், எந்தக் கருவியால், எங்கே அடிபட்டது என்று அதில் எழுதவேண்டும். ஆறு மாதம் கழித்துப் புரட்டிப் பார்த்தால் உண்மை புலப்படும். ஒரே வகைத் தார்க்குச்சியால் ஏழு பேருக்குச் சிம்பு ஏறியிருந்தால் அது எவருடைய தலைவிதியும் அன்று; சங்கம் வாங்கிய சரக்கின் குறை. அதைக் காரியதரிசியிடம் எடுத்துக்கூற நமக்கு உரிமை உண்டு. கேட்டுத் திருத்த அவருக்குக் கடமை உண்டு.

காயத்தை மறைப்பது வீரமென்று நம்மிற் சிலர் கருதுகின்றனர். நூலில் ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்திப் பிணைத்த பின்னரே மேலே நெய்கிறோம். நம் விரலுக்கும் அந்தப் பத்து நிமிஷத்தைக் கொடுப்போம்.

வட்டத்தில் விவாதிக்க வேண்டிய வினாக்கள்

1. சென்ற ஓராண்டில் நம் தெருவில் காயத்தால் நின்ற வேலைநாட்கள் எத்தனை? அவற்றுள் எத்தனையைத் தவிர்த்திருக்கலாம்?

2. நம் வீடுகளில் காயத்தில் வைக்கும் பொருள்கள் யாவை? அவற்றை நிறுத்துவதில் உள்ள தடை என்ன?

3. அங்கத்தினர் ஒவ்வொருவரும் கடைசியாக ரண ஜன்னித் தடுப்பூசி போட்டுக்கொண்ட ஆண்டு எது?

4. பெட்டியின் செலவைச் சங்கத்தின் எந்த நிதியிலிருந்து எடுக்கலாம்? பொறுப்பாளர் இருவர் யார்?