கன்டெய்னர் போனால் போகட்டும், கணக்கு போகக்கூடாது!

டாக்கர் இன்ஸ்டால் பண்ணி, ஒரு சின்ன ஆப்பை கன்டெய்னருக்குள்ள போட்டு ஓடவிட்டுப் பார்த்திருப்பீங்க. அதுக்கு அடுத்த படியைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போறோம். ஓடுற ஆப் சேர்த்து வைக்கிற தகவல் எங்கே இருக்கணும், அதோடு எப்படி இணைக்கணும்?

முதல்ல நம்ம ரேஷன் கடைக்குப் போவோம். 2020 அக்டோபரில் தமிழ்நாட்டில் 'ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு' திட்டம் வந்தது. சிதம்பரத்துக் கார்டை வைத்துக் கடலூரில் இருக்கும் கடையிலும் பொருள் வாங்க வழி பிறந்தது. இது எப்படி முடியுது? கடையில் இருக்கும் பி.ஓ.எஸ். மெஷின் வெறும் கை மாதிரி. இந்த மாசம் எந்தக் கார்டு எவ்வளவு வாங்கியிருக்கு என்ற கணக்கு மைய சர்வரில் இருக்கு. மெஷின் பழுதானா வேற மெஷின் வைக்கலாம். கணக்கு அப்படியே இருக்கும்.

அந்தக் கணக்குக்குத்தான் நம்ம பாடத்தில் 'ஸ்டேட்' என்று பெயர். மெஷின் இருக்கும் இடத்தில் கன்டெய்னரை வைத்துப் பாருங்க. பாதி பாடம் முடிஞ்சது.

எடுத்துக்காட்டு: ஒரு நிவாரண முகாம் ஆப்

கடலூர் மாவட்டத்துக்கு இயற்கைச் சீற்றம் புதுசு இல்லை. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி, 2011 டிசம்பர் 30-ல் தானே புயல், 2015-ல் பெருவெள்ளம். 2018 கேரள வெள்ளத்தின்போது உதவி கேட்பவர்களையும் உதவ வருபவர்களையும் இணைக்க 'கேரளா ரெஸ்கியூ' என்ற இணையதளம் வந்தது. கேரள ஐ.டி. மிஷனோடு தன்னார்வ டெவலப்பர்கள் சேர்ந்து செய்தது, ஜாங்கோவும் போஸ்ட்கிரெஸ்ஸும் கொண்டு எழுதியது, ஓப்பன் சோர்ஸ். அதே மாதிரி ஒண்ணை நம்ம மாவட்டத்துக்குச் செய்வதாக வைத்துக்கொள்வோம்.

மூன்று மைக்ரோசர்வீஸ்: 'பதிவு' (முகாமுக்கு வரும் குடும்பங்கள்), 'இருப்பு' (அரிசி, பால் பவுடர், போர்வை), 'அறிவிப்பு' (எஸ்.எம்.எஸ். அனுப்ப). லேப்டாப்பில் எஸ்.கியூ.லைட் ஃபைல் ஒண்ணு போதும், நல்லாவே ஓடும். ஆனா கிளவுடில் ஏற்றி, மழை வலுத்து, கூட்டம் கூடி, ஒரு 'பதிவு' கன்டெய்னர் மூணாகப் பெருகினா? ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி ஃபைல். கிள்ளையில் பதிந்த குடும்பம் ஒரு கன்டெய்னருக்குத் தெரியும், மற்ற ரெண்டுக்கும் தெரியாது. மழை விட்டு கன்டெய்னர்கள் குறையும்போது அந்தப் பதிவுகளும் சேர்ந்து போயிடும்.

இது பிழை இல்லை, கன்டெய்னரின் இயல்பே அப்படித்தான். கூகுள் கிளவுட் ரன்னில் சாதாரணமாக எழுதும் ஃபைல் மெமரியில்தான் இருக்கும். கன்டெய்னர் போனா அதுவும் போகும். நிறுத்தும் முன் 'சிக்டெர்ம்' சிக்னல் வரும். அதுக்கப்புறம் கிடைப்பது 10 விநாடி. குபர்னெட்டிஸில் டீஃபால்ட் 30 விநாடி. கையில் இருக்கும் வேலையை முடிக்க அது போதும், கணக்கைக் காப்பாற்ற அதை நம்ப முடியாது.

மேனேஜ்டு டேட்டாபேஸ் என்ன செய்யும், என்ன செய்யாது?

அமேசான் ஆர்.டி.எஸ்., கூகுள் கிளவுட் எஸ்.கியூ.எல்., அஷூர் டேட்டாபேஸ் எல்லாம் இந்த வகை. பேக்கப், பேட்ச், டிஸ்க் பெருக்குதல், ஒரு சர்வர் விழுந்தா மாற்று சர்வருக்குத் தாவுதல் (இதை நீங்க ஆன் பண்ணியிருந்தா) ஆகியவற்றை அவங்க பார்த்துக்குவாங்க. டேபிள் டிசைன், இண்டெக்ஸ், யாருக்கு என்ன அனுமதி என்பதெல்லாம் உங்க பொறுப்பு. தப்பான கணக்கை எழுதினா, தப்பான கணக்கையே பத்திரமாகப் பேக்கப் எடுத்து வைக்கும்!

இணைக்கும்போது கவனிக்க வேண்டிய நாலு விஷயம்

1. ஒரே ரீஜன். கன்டெய்னர் மும்பையில், டேட்டாபேஸ் சிங்கப்பூரில் என்று வைக்காதீங்க. இடையே சுமார் 3,900 கி.மீ. ஃபைபரில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. போகும். போய் வர குறைந்தது 39 மில்லிவிநாடி. ஒரு பக்கத்துக்கு 15 கொரி அடுத்தடுத்துப் போனா, அரை விநாடிக்கு மேல் வழியிலேயே காலி.

2. தனி வழி. டேட்டாபேஸுக்குப் பப்ளிக் ஐ.பி. கொடுத்து உலகத்துக்கே திறந்து வைக்காதீங்க. பிரைவேட் நெட்வொர்க் வழியாக மட்டும் அணுகும்படி வையுங்க. குடும்பங்களின் பெயர், போன் நம்பர் எல்லாம் அதில்தான் இருக்கு.

3. பாஸ்வேர்டு கோடில் வேண்டாம், இமேஜிலும் வேண்டாம். சீக்ரெட் மேனேஜரில் வைத்து, கன்டெய்னர் கிளம்பும்போது கொடுங்க. ஒவ்வொரு சர்வீஸுக்கும் தனி யூசர், தன் டேபிளுக்கு மட்டும் அனுமதி. 'அறிவிப்பு' சர்வீஸுக்கு இருப்பைத் திருத்தும் உரிமை எதுக்கு?

4. கனெக்‌ஷன் பூல். பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். கொஞ்சம் நின்று கணக்குப் போடுவோம்.

கனெக்‌ஷன் கணக்கு

போஸ்ட்கிரெஸ்ஸில் ஒவ்வொரு கனெக்‌ஷனும் சர்வரில் ஒரு தனி பிராசஸ். டீஃபால்ட் உச்சவரம்பு 100. அதில் 3 சூப்பர்யூசருக்கு ஒதுக்கியது, மிச்சம் 97. மேனேஜ்டு சர்வீஸில் இந்த எண் நீங்க எடுக்கும் மெஷினின் அளவைப் பொறுத்து மாறும். முதல்ல அதைப் பாருங்க. இங்கே 97 என்றே வைத்துக்கொள்வோம்.

மூன்று சர்வீஸ், ஒவ்வொண்ணும் அதிகபட்சம் 10 கன்டெய்னர், ஒவ்வொரு கன்டெய்னரிலும் பூல் 5. 3 × 10 × 5 = 150. கூட்டம் இல்லாத நாளில் எதுவும் தெரியாது. வெள்ளம் வந்த நாளில்தான் கன்டெய்னர் பெருகும், அன்றைக்குத்தான் 'கனெக்‌ஷன் இல்லை' என்று டேட்டாபேஸ் கதவைச் சாத்தும். எந்த நாளுக்காக ஆப் எழுதினோமோ அந்த நாளில் படுத்துவிடும்.

பூலை 3 ஆக்கினா 90. சரியாப் போச்சா? இல்லை. புது வெர்ஷன் ஏற்றும்போது பழைய கன்டெய்னரும் புதுசும் கொஞ்ச நேரம் சேர்ந்தே ஓடும். 90 என்பது 180 ஆகலாம். அதனால் அதிகபட்சம் 7 கன்டெய்னர், பூல் 2 என்று வையுங்க. 3 × 7 × 2 = 42, இரட்டிச்சாலும் 84. மிச்சம் 13 இடம், நீங்க உள்ளே போய்ப் பார்க்கவும் வேணுமே! இது போதலைன்னா நடுவில் பி.ஜி. பவுன்சர் மாதிரி ஒரு பூலரை வைக்கலாம்.

ஒரே மூட்டையை ரெண்டு பேருக்குக் கொடுக்காமல் இருக்க

இருப்பில் 40 மூட்டை அரிசி. பரங்கிப்பேட்டைக்கும் காட்டுமன்னார்கோவிலுக்கும் ஒரே நேரத்தில் ஆளுக்கு ஒண்ணு ஒதுக்குறாங்க. ரெண்டு கன்டெய்னரும் '40' என்று படிக்குது, ரெண்டும் '39' என்று எழுதுது. போனது ரெண்டு மூட்டை, குறைந்தது ஒண்ணு. தீர்வு: படித்து, கன்டெய்னரில் கழித்து, திரும்ப எழுதாதீங்க. 'இருப்பு பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் ஒன்றைக் குறை' என்பதை ஒரே அப்டேட் கட்டளையாக டேட்டாபேஸிடமே கொடுங்க. எத்தனை வரி மாறியது என்று பாருங்க. பூஜ்யம் என்றால் சரக்கு தீர்ந்தது.

இன்னொரு சிக்கல். சிக்னல் சரியில்லாத இடத்தில் தன்னார்வலர் பட்டனை அழுத்துறார், பதில் வரலை, திரும்ப அழுத்துறார். ஒரே குடும்பத்துக்கு ரெண்டு மூட்டை பதிவாகும், கடைசியில் வரிசையில் நிற்கும் குடும்பத்துக்கு இல்லாமல் போகும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் போனிலேயே ஒரு தனி எண் உருவாக்கி அனுப்புங்க. ரெண்டாவது அழுத்தலிலும் அதே எண்ணே போகணும். அந்தக் காலத்துக்கு யூனிக் கட்டுப்பாடு போடுங்க. எண்ணைப் பதிவதும் இருப்பைக் குறைப்பதும் ஒரே டிரான்ஸாக்‌ஷனில் இருக்கட்டும். எண் ஏற்கெனவே இருந்தால் இருப்பைத் தொடாமல், முன்பு முடிந்ததையே பதிலாகச் சொல்லுங்க.

இதைச் செய்துவிட்டால் இன்னொரு நன்மையும் உண்டு. டேட்டாபேஸ் மாற்று சர்வருக்குத் தாவும்போது பழைய கனெக்‌ஷன்கள் அறுந்து போகும். அப்போது கொஞ்சம் இடைவெளி விட்டு, இடைவெளியைக் கூட்டிக்கொண்டே மறுபடி முயற்சிக்கணும். தனி எண் இருப்பதால் மறுமுயற்சி கணக்கைக் கெடுக்காது.

நீங்களே சோதிச்சுப் பாருங்க

லேப்டாப்பில் ஒரு போஸ்ட்கிரெஸ், ரெண்டு 'இருப்பு' கன்டெய்னர் போதும். 40 மூட்டையில் ஆரம்பித்து, தனித்தனி எண் கொண்ட 50 கோரிக்கைகளை ஒரே நேரத்தில் அனுப்புங்க. தோல்வி வந்தால் அதே எண்ணோடு மறுபடி அனுப்பும்படி எழுதுங்க. நடுவில் ஒரு கன்டெய்னரை 'டாக்கர் கில்' கொடுத்துக் கொல்லுங்க. எல்லாம் முடிந்ததும் இருப்பு சரியாக 0, வெற்றி சரியாக 40, 'தீர்ந்தது' என்ற பதில் சரியாக 10 வரணும். ஒண்ணு கூடினாலும் குறைந்தாலும் எங்கே ஓட்டை என்று தேடுங்க. உங்க மினி பிராஜெக்ட் வைவாவில் 'ஸ்டேட் எங்கே இருக்கு?' என்று கேட்டால், இந்த மூணு எண்ணைக் காட்டி விளக்குங்க.